காலண்டர் ஆணியில் மாட்டிய வயர்

ஒரு நீல வயருக்காக வீட்டில் சண்டை போட்டேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். எடுத்த காட்சிகள் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் கிடக்கும். நான் வேலை செய்வது உள்ளறையில். நடுவில் ஒரு சுவர். எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டின் ஓனரம்மா சுவரில் துளை போட விடமாட்டார். காலண்டருக்கு ஒரே ஓர் ஆணி, அவ்வளவுதான். அதனால் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் நெட்வொர்க் வயரைத் தரையில் குறுக்கே விட்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு இந்த வயரு? வைஃபையே போதும்" என்பார் கணவர். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. அவர் மேஜை மோடத்தை ஒட்டியே இருக்கிறது, அதற்கு மட்டும் வயர் உண்டு. எனக்குத்தான் வைஃபை போதுமாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் செய்தே காட்டினேன். ஒரே ஃபோல்டர். வயரில் அனுப்பியது குக்கர் விசில் அடிப்பதற்குள் வந்து சேர்ந்தது. வைஃபையில் அனுப்பியது, சோறு வெந்து, ரசம் தாளித்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் பாதி வரவில்லை.

"செவுரு நடுவுல கீதுல்ல, அப்டித்தான்" என்றார், சுவருக்கு வக்கீல் மாதிரி.

அதற்கடுத்த சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்த எங்கள் வீட்டு முறை. அன்று காலை சர்ச்சில் நடந்த கல்யாணத்தை மாலையே வேலப்பன்சாவடி மண்டபத்தில் திரையில் காட்டுவதாகப் பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். தவறினால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? காட்சிகளை வயர் வழியாக உள்ளறைக்குக் காப்பி ஆகப் போட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு டீ வைக்கப் போனேன். திரும்பி வந்தால் ஹாலில் பாய் விரித்திருந்தது. வயரைக் காணோம்.

"ஆளுங்க வர்ற நேரம், அசிங்கமா கீதுன்னு எடுத்துட்டேன்" என்றார் கணவர்.

உள்ளே போய்ப் பார்த்தேன். காப்பி பாதியில் அறுந்திருந்தது. வைஃபையில் மறுபடி போட்டால் ஊர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஹாலில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் வயரை எடுத்துக்கொண்டு பாய்களுக்கு நடுவே நடந்தேன்.

"ஆளுங்க கீறாங்க" என்று பல்லைக் கடித்தார் அவர்.

"எனக்கும் ஆளுங்க இருக்காங்க. மண்டபத்துல காத்துக்கினு இருக்காங்க" என்றேன், சத்தமாகவே.

ஜெபம் நின்றது. நடத்திக்கொண்டிருந்த அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். காலை மடக்கி வயருக்கு வழிவிட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

படம் நேரத்துக்கு ஓடியது. திரையில் தன்னைப் பார்த்துக் கல்யாணப்பெண் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

வீடு திரும்பினேன். கூட்டம் கலைந்து பாய்களும் எடுத்தாயிற்று. ஆனாலும் என் வயரை அழகாகச் சுருட்டிக் காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தார் கணவர். அவர் மேஜை வயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் வயரை எடுத்து விரித்தேன். அவருடையதைப் பிடுங்கிச் சுருட்டி அதே ஆணியில் மாட்டினேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் அவர் குரல் விட்டுவிட்டுப் போனது. "என் வயரு எங்க?" என்று கத்தினார்.

"எதுக்கு? வைஃபையே போதும்" என்றேன்.