மாமன் அனுப்பிய சேலை

எங்கள் அம்மா இத்தாலிக்காரி. யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டப் போன அப்பா, அங்கே ஒரு சின்ன ஊரில் அவளைக் கல்யாணம் செய்து, கப்பலேற்றி, கடைசியில் திருச்சுழிக்குப் பக்கத்து எங்கள் கரிசல் கிராமத்தில் கொண்டுவந்து இறக்கினார். ஊர் அவளுக்கு 'தொரசாணி' என்று பேர் வைத்தது. அந்தத் தொரசாணிதான் பருத்தி எடுத்தாள், கம்பு இடித்தாள், ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தாள். மழையை எங்கள் ஊரே 'மளை' என்றுதான் சொல்லும் என்பதால், 'ழ' வராத அவள் பேச்சும் சீக்கிரமே எங்கள் பேச்சாகிவிட்டது. தமிழ் எழுத்துதான் கடைசிவரை வரவில்லை. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். "எனக்குக் கண்ணு ரெண்டும் இவதான்" என்று எல்லாரிடமும் சொல்லுவாள். இதை எழுத இப்போது கை கூசுகிறது.

அவளுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. அந்நியப் பட்டாளத்தானோடு போகிறாளே என்ற ஆத்திரத்தில், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். வருஷம் தவறாமல் அம்மா தன் மொழியில் கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவன் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றுதான் அவள் உயிர் கிடந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பு படிக்கையில், நான் பெரியமனுஷி ஆனேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், சடங்கைப் பருத்தி எடுத்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சடங்கென்றால் தாய்மாமன் சீர் வர வேண்டும். அவன் கொண்டுவரும் சேலையைத்தான் பெண் உடுத்திக்கொண்டு மணையில் உட்கார வேண்டும். அப்பாவின் தங்கை, என் அத்தை, வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "மாமன் இல்லாத பிள்ளைக்குச் சடங்கு எதுக்கு மதினி? ஊரு சிரிக்கவா?"

அம்மா அன்றைக்கே தம்பிக்கு எழுதினாள். சேலையின் நீளம் அகலம் சொல்லி, கரை இப்படி இருக்க வேண்டும் என்று படமும் போட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கம் பட்டு ஆலை உண்டாம். "நெய்யச் சொல்லி அனுப்புவான், பாரு. எம்புட்டுக் கோவம் இருந்தாலும் மருமக இல்லையா?" என்றாள். எனக்கும் நம்பிக்கைதான்.

மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா டவுனுக்குப் போய்விட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"இந்தா, உன் தம்பி அனுப்பிட்டான். மெட்ராஸ் கஸ்டம்ஸுல பார்சலைப் பிரிச்சுப்புட்டாங்களாம். உள்ள இருந்ததை மட்டும் போஸ்டாபீஸுல குடுத்தாக."

அரக்கு நிறம், மஞ்சள் கரை. ஏறக்குறைய அவள் போட்ட படம்தான். அம்மா அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு ஆசையாக விரித்துப் பார்த்தவள், உள்தலைப்பில் ஊதா மையில் குத்தியிருந்த முத்திரையைக் கண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இது என்னத்தா எழுதியிருக்கு? வாசி."

ஒரு ஜவுளிக்கடைப் பெயர். அதன் கீழே, அருப்புக்கோட்டை. நிமிர்ந்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மெட்ராஸு கஸ்டம்ஸு சீலும்மா" என்றேன்.

அந்தப் பாவி மனுஷன் அந்தப் பொய்யையும் அவராகவே சொல்லியிருக்கலாம். பெற்ற மகள் வாயால் சொல்லவைத்தார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் அம்மா சேலையைத் தாம்பாளத்தில் வைத்து வீடு வீடாகக் காட்டினாள். அந்தக் கரை போட்ட சேலையை அந்த வருஷம் அருப்புக்கோட்டையில் பாதிப் பெண்கள் உடுத்தியிருந்தார்கள். அத்தை வீட்டில் அதே சேலை பச்சையில் இருந்தது. ஆனாலும் அத்தை, "சீமைப் பட்டுல்ல! எப்பிடிப் பளபளங்குது பாருங்க" என்று கண்ணைச் சிமிட்டினாள். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனை பேரில் ஒருத்திக்காவது அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. அம்மாவோ எல்லார் கையிலும் கற்கண்டு கொடுத்தாள்.

சடங்கு நடந்தது. சேலையோடு என்னைப் போட்டோ எடுத்து, நன்றி சொல்லித் தம்பிக்கு எட்டுப் பக்கம் எழுதினாள் அம்மா. சில மாதம் கழித்து அந்தக் கவர் ஒட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. மேலே அவர்கள் மொழியில் ஒரு வரி. தம்பியின் கையெழுத்து. வாங்க மறுக்கிறேன், இனி எழுதாதே என்று அர்த்தமாம்.

அம்மா அழவில்லை. பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தாள். உள்தலைப்பைக் கட்டிலில் விரித்து, "வாசி" என்றாள்.

"அம்மா..."

"வாசிடி."

கடைப் பெயரை வாசித்தேன். அருப்புக்கோட்டை என்பதையும் வாசித்தேன்.

"அன்னைக்கே உனக்கு இது வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்மா."

அப்பா உள்ளே வந்தார். "உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவுகளை நம்பிக் கடல் தாண்டி வந்தேன். இவுக ஏமாத்தினா அது என் தலையெழுத்து. நீ எதுக்குடி ஏமாத்தின? உன்னையத்தானடி நான் கேட்டேன்" என்றாள்.

அப்பா மீது பழியைப் போட வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். சேலையை மடித்து அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, அம்மா உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு என்னிடம் பேசினாள், சிரித்தாள், தலை வாரிவிட்டாள், என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். வாசிக்கச் சொல்லி மட்டும் எதையும் நீட்டியதில்லை. மருந்துச் சீட்டு வந்தால் நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டுக்கொண்டு வருவாள். தலை நரைத்தும் அந்த வழக்கம் மாறவில்லை.

எழுபதுகளில் ஒருநாள், கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றோம். வண்டி வந்தது. நெற்றியில் திருச்சுழி என்று பெரிதாக எழுதியிருந்தது.

"இதுதாம்மா நம்ம பஸ்ஸு, ஏறு" என்றேன்.

அம்மா அசையவில்லை. என்னைத் தாண்டி கண்டக்டரைப் பார்த்து, "தம்பி, இது திருச்சுழி போகுமா?" என்று கேட்டாள்.

அவர் போகும் என்று சொன்னபிறகுதான் படியில் கால் வைத்தாள்.