வெறும் வண்டியில் லோடு காற்று

வேலூரில் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே, என் பிக்கப் வண்டியில் ஆம்பூருக்கு அழைத்து வந்தேன். கண் அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாலை வெயிலில் மலைகளும் சாலையும் மிதப்பதுபோல் இருந்தன. வண்டி மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

"இன்னாங்க, ரோட்டுல போறோமா, ஆகாசத்துல போறோமா?" என்றாள்.

ஒரு பாலத்தில் ஏறும்போது பின்சக்கரம் எகிறி, வண்டி ஒருபக்கம் நழுவியது. கட்டுப்போட்ட கண்ணை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

அடுத்த பஞ்சர் கடையில் நிறுத்தினேன். யாரிடமும் எதையும் கேட்க எனக்குக் கூச்சம். வண்டி ஏன் இப்படிக் குதிக்கிறது என்று அவளே கேட்டாள். கடைக்கார பாய், தோல் வாடை வீசிய வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"தோல் லோடுக்கு அடிச்ச காத்தா அண்ணா? வெறும் வண்டிக்கு ஜாஸ்தி. குதிக்காம இன்னா பண்ணும்?"

உண்மைதான். முந்தின நாள் தோல் ஆலைக்கு ஈரத்தோல் ஏற்றுவதற்காகக் காற்றைக் கூட்டியவன், இறக்கியபின் குறைக்க மறந்திருந்தேன். வண்டிக் கதவில் ஒட்டியிருந்த காற்றளவைப் பார்த்து பாய் குறைத்தார். பிறகு வண்டி தண்ணீரில் போவதுபோல் போனது. அவள் தூங்கிவிட்டாள். நான்தான் பயந்துகொண்டே ஓட்டினேன்.

இப்போதெல்லாம் தோலை இறக்கியதும், டீ குடிக்கும் முன்பே காற்றைக் குறைத்துவிடுகிறேன். ஆபரேஷனுக்கு மறுநாள் கண் கட்டைப் பிரித்ததும் அவள் என்னைப் பார்த்து, "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கினு கீறீங்க" என்றாள்.