அகில் எரிந்த வீடு

ராகேல் அக்கா தங்கம் வாங்காதவள். எங்கள் ஊரில் அவளைப் பற்றி யாரும் முதலில் சொல்வது இதைத்தான். குவைத்தில் நர்ஸாக ஏறக்குறைய இருபது வருடம் வேலை பார்த்தவள். லீவில் வரும் மற்ற நர்ஸுகளின் பெட்டியிலிருந்து வளையலும் நெக்லஸும் வெளியே வரும். அக்காவின் பெட்டியில் பருத்தித் துணியில் பொதிந்த மரமணிக் கைச்சரம் ஒன்று இருக்கும்.

கருங்கலுக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் தெருவில் அது நெடுநாள் பேச்சாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபை மூப்பரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இது என்ன ராகேலு, ஜெபமாலையா? ஆர்.சி.யில சேந்துட்டியா?”

“ஜெபமாலையும் இல்ல, ருத்ராட்சமும் இல்ல. ஊது. நம்ம அகில் மரம்தான்.”

“மரத்துக்கா இவ்வளவு காசு?”

அக்கா சிரித்துவிட்டு நடந்தாள். அவள் கணவர் முத்துநாயகம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் பின்னால் வந்து பதில் சொன்னார். “அவளுக்குப் பிடிச்சிருக்கு. அவ சம்பாத்தியம். ஒங்களுக்கு என்ன நட்டம்?”

நான் அடுத்த வீடு. மணிகளைப் பார்க்கப் போனால் ஓரிரு சரங்களை வெளியே எடுப்பாள். மூக்கருகே கொண்டுபோனால் தடுப்பாள்.

“இழுக்காத மக்கா. கையில போடு. ஒடம்புச் சூடு ஏறட்டு. அது தானா வரும்.”

கொஞ்ச நேரம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம். பிறகு, நினைக்காத ஒரு நொடியில், மணிக்கட்டிலிருந்து ஏதோ எழும். அஸ்ஸாம் மணி முதலில் மாட்டுத் தொழுவம்போல இருக்கும். முகம் சுளித்தால் பொறுக்கச் சொல்வாள். மெல்ல மெல்ல அது தேனும் பழைய தோலும் கலந்த வாசனையாக மாறும். கம்போடியா மணியில் பழம் கனிந்த இனிப்பு. அவளுக்கு மிகப் பிடித்தது போர்னியோ காட்டிலிருந்து வந்த சரம். அது சூடே இல்லாத வாசனை, மழை விட்ட பிறகு மலையிலிருந்து இறங்கும் காற்றுபோல. மணியை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி, வெளிர் மரத்துக்குள் கறுப்பாக ஓடும் பிசின் ரேகைகளைக் காட்டுவாள். முழுக்கக் கறுத்து, கடையிலேயே ஆளைத் தூக்கும் வாசனையோடு இருப்பவை எண்ணெய் ஏற்றிய போலிகள் என்பாள். வாரம் ஒன்று போனால் அவை வெறும் விறகு.

வாட்ஸ்அப்பில் அவளைப் போன்ற சேகரிப்பாளர்களின் குழு ஒன்று இருந்தது. பெரும்பாலும் மலையாளிகள். புதிதாக வாங்கியவர்கள் அவளுக்குக் கூரியரில் அனுப்பி, போட்டுப் பார்த்துச் சொல்லக் கேட்பார்கள். அவள் எழுதும் நாலு வரிக்காகக் காத்திருப்பார்கள். அந்த மதிப்பு அவளுக்குப் பெரிது. ஊரில் யாரும் கொடுக்காதது.

பிறகு அக்கா வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டாள். கொரோனாவின் இரண்டாம் அலையில் அவளுக்கும் முத்துநாயகத்துக்கும் காய்ச்சல் வந்தது. அவர் சீக்கிரம் எழுந்துவிட்டார். அக்காவும் எழுந்தாள், ஆனால் மணமே தெரியவில்லை. எல்லோருக்கும்தானே போயிற்று, வந்துவிடும் என்று இருந்தாள். மாதங்கள் போயின. காப்பி மணக்கவில்லை, மீன் மணக்கவில்லை. ஒரு மதியம் போர்னியோ சரத்தைக் கையில் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள் ஷைஜாவிடமும்கூட. குழுவில் எப்போதும்போல எழுதிக்கொண்டிருந்தாள். வந்த மணிகளைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, பழைய நினைவிலிருந்து நாலு வரி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் அவர், “மீன் கெட்டுப்போச்சா பாரு” என்று நீட்டினால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நல்லது என்பாள். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று.

அன்று ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். கதவு ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்துச் சாப்பாட்டு அறையில் சரங்களையெல்லாம் மேசைமேல் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. பால் பொங்கித் தீயை அணைத்தது அவளுக்குத் தெரியவில்லை. பால் கருகிய வாடையும் தெரியவில்லை, அதற்குப் பின் வந்ததும் தெரியவில்லை. தூறல் சத்தம் கேட்டதும், முன்பக்கம் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடினாள்.

முத்துநாயகம் அந்நேரம் சந்தையிலிருந்து பின்வாசல் வழியாக வந்தார். உள்ளே இருட்டு. “ராகேலே, கேஸு...” என்று அவர் சொன்னது அடுத்த வீட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஆனால் பழகிய கை அதற்குள் சுவிட்சுக்குப் போய்விட்டது.

சத்தத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் சரிந்தன. நாங்கள் நாலைந்து பேர் ஓடி, ஈரச் சாக்கைப் போர்த்தி அவரை முற்றத்துக்கு இழுத்துவந்தோம். அதற்குள் தீ சாப்பாட்டு அறைக்குப் போயிருந்தது. அப்போதுதான் அந்த மணம் வந்தது. அத்தனை சரங்களும் ஒன்றாக எரிந்த மணம். தெருக்கோடியில் நின்றவர்கள், எந்த வீட்டில் இப்படித் தூபம் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் தோல் கருகிக்கொண்டிருந்த இடத்தில் அவ்வளவு நல்ல மணத்தை முகர்ந்ததற்காக எனக்கு இன்னும் கூசுகிறது. அக்கா துணிக்குவியலைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு அது எதுவும் எட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் அவருக்கு நினைவிருந்தது. தீக்காய வார்டுக்குள் அக்காவை மட்டும், நர்ஸ் என்பதால், அதிக நேரம் இருக்க விட்டார்கள். நான் வாசலில் நின்றேன். இரண்டாம் நாள் அவர் கேட்டார்.

“நீ வீட்டுலதானே இருந்த?”

“இருந்தேன்.”

“ஒனக்கு மணக்கலியாட்டி?”

“எனக்கு ஒண்ணுமே மணக்காது. கொரோனாவுக்குப் பொறவு மணக்கல்ல.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, “எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். “நான் பாத்துக்கிட மாட்டேனா?”

அதன்பின் அவர் அக்காவிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீர் கேட்டார், ஷைஜாவைக் கேட்டார். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பிய பிறகு, அக்கா தங்கியிருந்த எங்கள் வீட்டு முன்னறையில் ஷைஜா அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஆஸ்பத்திரியில அப்பா சொன்னப்போ, வேதனையில என்னத்தயோ சொல்லாவன்னு நெனச்சேன். நெசமா அது? ஒனக்கு மணக்காதா?”

“நெசம்தான்.”

“ரெண்டு வருசமா?”

“மேல இருக்கும்.”

“பொறவு அந்த ஆளுகளுக்கு என்னத்த மணத்துப் பாத்து எழுதின?”

ஷைஜா அழவில்லை. “ஒரு கட்டைக்காக்கும் நீ எனக்க அப்பாவக் கொன்னது” என்றாள். நான் குறுக்கே ஏதோ சொல்லப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

அன்று மாலை, என் முன்னால்தான், குழுவில் எழுதினாள். எனக்கு மணம் தெரியாது, இரண்டு வருடமாக நான் சொன்னது எதையும் நம்பவேண்டாம், மன்னித்துவிடுங்கள் என்று மலையாளத்தில் மூன்று வரி. சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் கடுமையாக ஏதோ எழுதினார். அவள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

வீட்டைச் சுத்தம் செய்த கூலியாட்கள் சாம்பலில் கிடைத்த பாதி கருகிய மணிகளை ஒரு தாளில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பிரித்துப் பார்க்காமல் குப்பையோடு போடச் சொன்னாள். அவர்களில் ஒருவர் ஒன்றைப் பீடித் தணலில் வைத்துப் பார்த்து, இன்னும் மணக்கிறது அக்கா என்றார். மணக்கட்டும் என்றாள்.

டாக்டர் இனி மணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார். வீட்டைப் பழுது பார்த்து, கரண்டு அடுப்பு வாங்கி, அங்கேயே தனியாக இருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறாள். புற்றுப்புண் அழுகி, சொந்தப் பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நிற்கும் வீடுகளுக்கு இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அருகில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கட்டு மாற்றுவாள். சபையில் பாஸ்டர் அவளுடைய அன்பைப் பற்றி ஒருமுறை பேசினார். வெளியே வந்ததும் என்னிடம், “எனக்கு நாத்தம் தெரியாது மக்கா. அதுக்குப் போயி அன்புன்னு பேரு வைக்காவ” என்றாள்.

முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு ஷைஜா குழந்தையோடு வந்தாள். கல்லறையில் பூ வைத்தாள். அம்மா போட்டுக்கொடுத்த சாயாவைக் குடித்தாள். குழந்தையை அம்மா கையில் கொஞ்ச நேரம் விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலரை மணி பஸ்ஸுக்கு நானும் அக்காவும் ரோடுவரை போனோம். பஸ் கிளம்பியபின், “பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, அவ கவனிச்சாளோ என்னவோ” என்றாள் அக்கா. போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். “நீ சொல்லு” என்றாள்.