விக்டோரியா ஏலத்தில் எடுத்த கேரியர்

"யோவ், இன்னாய்யா இது? இதுல ரசத்த எந்த அடுக்குல ஊத்தறது?" என்று ஏலக் குமாஸ்தாவிடம் எரிந்து விழுந்தாள் விக்டோரியா.

"லிஸ்ட்ல கேரியர்னுதான் கீது. பன்னண்டு ரூவான்னு கேட்டது நீ. பத்து நாள்ல எடுத்துக்கினு போவல, அப்பறம் கேட்டாண்ட சோத்துக்கூடைய வெக்கவுடமாட்டேன்."

ஏரிச் சேற்றில் பாதி புதைந்து நின்றது அது. பர்மா காட்டுச் சண்டைக்குப் போய்வந்த பிரென் கேரியர் என்கிற பட்டாள வண்டி. கூரையில்லாத இரும்புத் தொட்டி, சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப் பட்டை, முன்னால் துப்பாக்கி நீட்ட ஓர் ஓட்டை.

ஐம்பத்திரண்டாம் வருஷம். சோழவரம் விமானத் திடலில் மிஞ்சிய பட்டாளச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பழைய ஜீப் உடைக்கிற பத்துப் பேருக்கு விக்டோரியாதான் சோறு போட்டாள். கூடையில் சுமந்தால் பாதிக் குழம்பை அவள் புடவைதான் குடித்தது. நல்ல அடுக்குத் தூக்காக ஒன்று எடுக்கலாமென்று ஏலத்துக்குப் போனாள். வாளி, தட்டு, குவளை என்று வாசித்துவந்த குமாஸ்தா, "கேரியர் ஒண்ணு, பழசு" என்றதும் கையைத் தூக்கிவிட்டாள். ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. அப்போதே முழித்திருக்க வேண்டும்.

போகட்டும், புருஷன் இருக்கிறானே என்று நினைத்தாள். சாலமோன் பர்மாவிலிருந்து வந்து ஏழு வருஷம். மூங்கில் காட்டில் இதே மாதிரி இரும்பு வண்டி ஓட்டினானாம், மரத்தின் மேலிருந்த ஜப்பான்காரனைச் சுட்டு இறக்கினானாம். அப்பேர்ப்பட்டவன் கூலிக்குப் போகலாமா? போகவில்லை.

"ஏறுய்யா. ஓட்டிக்கினு வா."

ஏறினான். ஸ்டியரிங்கைத் தடவினான். காலை எங்கே வைப்பதென்று தேடினான். கடைசியில் பக்கத்துப் பெட்டியைத் திறந்தவனுக்கு முகமெல்லாம் பல்.

"இங்கதான் டீத்தூளு வெப்பாங்க!"

"அப்பறம்?"

"அவ்ளோதான் தெரியும்."

"பர்மாவுல நீ இன்னாதான் பண்ணே?"

"உருளக்கெழங்கு உரிச்சேன்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "எரநூறு பேருக்கு."

கூலிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விக்டோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எரநூறு பேருக்கு உரிச்ச கையி, நாளைலேர்ந்து பத்துப் பேருக்கு வடிக்கட்டும்."

வடித்தான். அவளைவிட நன்றாகவே வடித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

கேரியர் மட்டும் அசையவில்லை. ஒன்பதாம் நாள், கெடு நெருங்கட்டுமென்று காத்திருந்த பழவேற்காட்டு இரும்பு வியாபாரி ஷேக் தாவூத் மெல்ல வந்தார்.

"சேத்துல மாட்டிக்கினுகீதும்மா. நீ போட்ட பன்னண்ட குட்த்துடறேன், வுட்டுடு."

"சேறு கீழ கீது பாய், மேல கீறது இரும்பு. இருவத்தாறு குடு."

"அது இன்னாம்மா கணக்கு?"

"இந்தக் கேரியருக்குப் பன்னண்டு. மிச்சம் அந்தக் கேரியருக்கு."

பாய்க்குப் புரியவில்லை. ஆனால் இரும்பின் எடை அவருக்கா தெரியாது? கொடுத்துவிட்டு, ஐந்து ஜோடி மாடு கட்டி இழுத்துப்போனார். கேட்டண்டை இடம் தப்பியது.

மறுநாள் செங்குன்றம் பாத்திரக் கடையில் ஐந்தடுக்குப் பித்தளைத் தூக்கு ஒன்று வாங்கினாள். சண்டைக்குப் போகாத அந்தக் கேரியரின் விலை பதினாலு ரூபாய்.