குளித்துவிட்டுத்தான் பறை

மாரிக்கனியின் பறைக்குழுவில் எட்டுப் பெண்கள். பகலெல்லாம் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பவர்கள். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் எழும்பும். அதனால் வேலைச் சேலையோடு எவளும் தீப்பக்கம் வரக்கூடாது, குளித்து மாற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

பங்குனிப் பொங்கலன்று கம்பெனி வேன் தாமதமாக வந்தது. விழாவை நடத்திய கம்பெனி முதலாளி கத்தினார்: "சாமி கெளம்பியாச்சு, குளிக்கவா வந்தீக?"

"குளிக்காம அடிக்க மாட்டோம்" என்றாள் மாரிக்கனி.

"அப்ப நீ வீட்டுக்குப் போ. பேச்சி, இனிமே நீதான் தலைவி."

பத்தொன்பது வயதுப் பேச்சி பெருமையோடு வைக்கோலைக் கொளுத்தி அதில் பறையைக் காட்டினாள். சேலையில் ஒட்டியிருந்த மருந்து பற்றிக்கொண்டது.

மறுநாள் மற்றவர்களை மதியம்வரை வேலை வாங்கிவிட்டுத்தான் முதலாளி பேச்சியின் இழவு வீட்டுக்கு விட்டார்.

"எடுக்க நேரமாச்சு, அடிங்க" என்றார், அங்கே வந்திருந்த முதலாளி.

"குளிச்சிட்டு வாரோம்" என்றாள் மாரிக்கனி.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.