கலியாணத்துக்குப் போன காபரேட்டர்

எங்கள் கார் அப்பாவுக்காகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பழைய ஏ-40 காருக்காக ஏன் இந்த மனுசன் இவ்வளவு கத்துகிறான் என்று நினைப்பீர்கள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கண்ணிலும் புரை. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்து வளவில், விறாந்தையில் சாய்மனைக் கதிரையில்தான் அவருடைய நாள் முழுவதும் போகும். சண்டை கிட்ட வருகிறது, ஒருநாள் எழும்பிப் போகவேண்டி வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா மட்டும் ஒரே சொல்லில் நின்றார். "இந்த வளவை விட்டுப் போறதெண்டா என்ரை காரிலைதான் போவன். உழவு மிசின் பெட்டியிலை ஏத்தலாமெண்டு நினையாதை. நான் நெல்லு மூட்டையில்லை."

சும்மா சொல்லுகிற ஆள் இல்லை அவர். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக அயலவரின் உழவு மிசினைக் கூப்பிட்டதற்கு, விழாத இடக்கையால் விறாந்தைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. ஆகவே கார் ஓடவேண்டும். ஓடாவிட்டால் அப்பா வரமாட்டார். அப்பா வராவிட்டால் நானும் என் மனைவியும் எங்கே போவது?

காரை ஓடவைக்கிற பொறுப்பு பரந்தன் சந்திக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்த மெக்கானிக்குடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெருவாய்க்காரர். "இந்த வன்னியிலை இந்தக் காரின்ரை வயித்துக்குள்ளை கை வைக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லுவார். வேறு ஒருவரிடம் ஒருமுறை விட்டுப் பார்த்தேன். அவர் பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகச் சவுக்காரத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். கார் வாய்க்காலுக்குள் போய் நின்றது. திரும்பவும் இவரிடமே போனேன். போன மாப்பிள்ளை திரும்பி வந்தது போல ஒரு சிரிப்புச் சிரித்தார்.

சாமான்களுக்குத் தடை போட்டிருந்ததால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணிகூட ஒழுங்காக வராத காலம் அது. பெற்றோல் மருந்துக்குத்தான். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேட்டருக்குள் விட்டு, முன்னால் நின்று ஹாண்டில் அடித்து எஞ்சினைக் கிளப்பவேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிறகு கார் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் தன் வரவைச் சொல்லிக்கொண்டு ஓடும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாமல் விட்டால் அடுத்தநாள் காலை முழுக்க ஹாண்டில் அடித்துத் தோள்மூட்டுக் கழன்றுவிடும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மெக்கானிக்கின் ஒரு பழக்கம்தான்.

பரந்தனில் ஒரு கடைக்காரரிடம் எங்களுடையதைப் போலவே இன்னொரு ஏ-40 இருந்தது. அதுவும் கறுப்பு. மெக்கானிக்கின் கணக்கில் இரண்டும் ஒரே கார். இங்கே கழற்றி அங்கே பூட்டுவார், அங்கே கழற்றி இங்கே பூட்டுவார். கடைக்காரர் சாமான் ஏற்றப் போகிறார் என்றால் எங்கள் டைனமோ போகும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் கடைக்காரரின் கொயில் வரும். ஆரிடமும் கேட்பதில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். நான் வயலில் நிற்கிற நேரம் பார்த்து வருவார். பின்ஒழுங்கையால் எங்கள் கார் நிற்கும் கொட்டிலுக்குப் போய், வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, குசினி வாசலில் நின்று தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போவார்.

"உங்கடை மெக்கானிக் வந்தவர். ஏதோ ஒண்டைக் கழட்டிக்கொண்டு போறார்" என்பாள் மனைவி.

"நீர் பாத்துக்கொண்டு நிண்டனீரோ?"

"தேத்தண்ணி குடுத்தனான்."

எனக்கு விசர் வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனுக்கு மிதிப்பேன். போகிற வழியெல்லாம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். அங்கே அவர் காருக்குக் கீழே இருந்து தலையை மட்டும் நீட்டி, "யோசியாதேங்கோ தம்பி, சாமான் எங்கையும் போகேல்லை. இருக்கிறதுகளை வைச்சுத்தானே ரெண்டையும் உயிரோடை வைச்சிருக்கிறன்" என்பார். எடுத்ததை ஒருநாளும் மறைக்கமாட்டார். திருப்பித் தராமலும் விட்டதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கள்ளன் என்று சொல்லித் திட்டவாவது வழி விட்டாரா?

அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பின்னேரங்களில் அவரைத் தாங்கிக் கொண்டுபோய்க் காரின் முன்சீற்றில் இருத்துவேன். எங்கள் காரின் இடது முன்கதவு பிணைச்சல் தேய்ந்து தொங்கிப்போய் இருந்தது. கொஞ்சம் தூக்கித்தான் சாத்தவேண்டும். சும்மா அடித்துச் சாத்தினால் அப்பா கத்துவார். "தூக்கிச் சாத்தடா! ஆயிரம் தரம் சொல்லியாச்சு!" கண் தெரியாவிட்டாலும் அந்தக் கதவின் சத்தம் மட்டும் அவருக்குத் தப்பாது.

தொண்ணூற்றாறில் எழும்ப வேண்டிய நாள் வந்தது. ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. விடியவே ஒழுங்கை முழுக்கச் சைக்கிளும் வண்டிலும் மாடும் ஆட்களும். அயலவர் உழவு மிசினை வாசல் படலையில் நிறுத்தி, "அப்பாவைத் தூக்கிக்கொண்டு வா, இடம் இருக்கு" என்றார். அப்பா இடக்கையால் தூணைப் பிடித்தார். "கார் இருக்கேக்கை எனக்கென்னத்துக்கு மிசின்? காரை எடு."

காரில் காபரேட்டர் இல்லை. முந்தினநாள்தான் மெக்கானிக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். கடைக்காரரின் காரில் மாப்பிள்ளை பொம்பிளை போகிறார்களாம், அதன் காபரேட்டரில் வெடிப்பு விழுந்துவிட்டதாம். "கலியாணம் முடியத் திருப்பித் தாறன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஊர் கலைகிற நேரத்தில் கலியாணம்! அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவது?

அயலவர் எவ்வளவு நேரம் நிற்பார்? அவருக்கும் பிள்ளைகள். போய்விட்டார். நான் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலுக்குப் போனேன். விறாந்தையில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று ஹாண்டிலைப் போட்டு அடித்தேன். காபரேட்டர் இல்லாத எஞ்சின் புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. வேறென்ன செய்யும்? ஆனாலும் அடித்தேன். "பெற்றோலை விட்டு அடி!" என்று முன்பக்கமிருந்து அப்பா சொல்லித் தந்துகொண்டிருந்தார். வேர்த்து ஒழுக ஒழுக, மெக்கானிக்கையும் அவருடைய பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டித் திட்டி அடித்தேன். மனைவி மூட்டையோடு நின்று அழுதாள்.

அப்போதுதான் பின்ஒழுங்கையால் புகை வந்தது. புகைக்குப் பின்னால் கடைக்காரரின் கார். அதற்குள் மெக்கானிக், அவருடைய மனைவி, ஒரு பெட்டி நிறையச் சுத்தியலும் ஸ்பானரும், கால் கட்டிய இரண்டு கோழி. கடைக்காரர் குடும்பத்தோடு லொறியில் போய்விட்டாராம், காரை இவரிடம் விட்டுவிட்டு. எங்களை ஏற்றத்தான் பெருந்தெருவை விட்டு இறங்கி, ஒழுங்கையில் எதிரே வந்த அவ்வளவு சனத்துக்குள்ளால் வந்திருக்கிறார். அந்த நேரத்தில் அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"எங்கை அண்ணை என்ரை காபரேட்டர்?"

"இதுக்குள்ளைதான் இருக்கு. கத்தாதேங்கோ தம்பி, ஐயாவுக்குக் கேக்கும். இதை முன்னுக்கு விடுங்கோ. இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. அவருக்குக் கண் தெரியாதுதானே."

எஞ்சினை நிறுத்தாமலே காரை வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்தேன். அப்பாவைத் தூக்கி முன்சீற்றில் இருத்தினோம். அவர் எதிரே இருந்த பலகையை இடக்கையால் ஒருமுறை தடவினார். அவசரத்தில் நான் கதவை அடித்துச் சாத்தினேன். அப்பாவின் வழக்கமான கத்தல் வரவில்லை. "எடு" என்றார்.

அக்கராயன் பக்கத்தில் ஒரு காணிக்குள் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தோம். கடைக்காரரின் காரில் சனத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு திரிந்த மெக்கானிக்கை எங்கே கண்டாலும் காபரேட்டரைக் கேட்டேன். விசர்தான். கொட்டிலில் விட்டுவந்த காரை இனிப் போய் எடுக்கவே முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். பழைய சாரத்துணியில் சுற்றிய ஒரு பொதியை என் கையில் தந்தார். அவிழ்த்தேன். காபரேட்டர். கழுவித் துடைத்து, பளபளவென்று இருந்தது.

"சொன்ன சொல் தவறமாட்டன். கலியாணம் முடியத் தாறன் எண்டனான்."

"இதை எதிலை அண்ணை பூட்டுறது? என்ரை தலையிலையோ?" என்று கத்தினேன். அந்தக் காணியில் இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. கார் போன கவலையா, அவரை ஒன்றும் செய்ய முடியாத கோபமா, தெரியவில்லை.

"என்னடா அது?" தறப்பாளுக்குள் பாயில் கிடந்த அப்பா கேட்டார்.

நான் சொல்லவில்லை. மெக்கானிக் சொல்லிவிட்டார். "காபரேட்டர் ஐயா."

"நாங்கள் வந்த காரின்ரையோ?"

"ஓம் ஐயா."

"அது கடைக்காரற்றை கார்."

நானும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கதவு தூக்காமலே சாத்துப்பட்டுது" என்றார் அப்பா. "எனக்குக் கண்தான் தெரியாது."

"அப்ப ஏன் அப்பா ஒண்டும் கதைக்கேல்லை?"

அவர் எரிச்சலோடு, என் முட்டாள்தனத்தைப் பொறுக்கமாட்டாதவரைப் போலச் சொன்னார். "நீ அங்கை பின்னுக்கு நிண்டு சும்மா ஹாண்டில் அடிச்சுக்கொண்டிருந்தனி. எஞ்சின் மூச்சு விட்ட சத்தத்திலையே எனக்குத் தெரியும், அதுக்குள்ளை ஒண்டும் இல்லையெண்டு. என்னை விட்டிட்டு நீ போகமாட்டாய் எண்டும் அப்பதான் தெரிஞ்சுது. நான் ஏறாட்டி உங்கள் ரெண்டு பேரையும் ஆர் ஏத்துறது?"

மனைவி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைக் கழட்டினா அந்தக் கார் என்னெண்டு ஓடுது?" என்று அப்பா மெக்கானிக்கிடம் கேட்டார்.

"ஓடாது ஐயா. தம்பி கண்ட இடமெல்லாம் கேட்டவரெல்லே."

"அவனுக்கு விசர். கொண்டுபோய்ப் பூட்டு. நடக்க ஏலாத சனம் இன்னும் எத்தினை கிடக்கு."

நான் காபரேட்டரைத் திரும்பச் சாரத்துணியில் சுற்றினேன். மெக்கானிக்கின் சைக்கிள் கரியரில் நானே வைத்துக் கட்டிவிட்டேன்.