கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் நன்மை தீமைகளை நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தின் அறிமுகப் புத்தகத்தாலேயே மச்சானின் வாயைக் கிழித்தவன் நான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தும், ஒரு புத்தகத்தால் இன்னொரு மனிதனிடத்தில் நான் ஏற்படுத்திய ஒரே பாதிப்பு அதுதான். தடித்த மட்டை, வழுவழுத்த தாள். அட்டையில் நான்கு சிறுமிகள் ஒரு நுணுக்குக்காட்டியைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அதன் மூலை மச்சானின் மேலுதட்டில் இறங்கியது.

அதற்கு மூன்று கிழமை முன்னர் மகள் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. இல்ஃபோர்டில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடொன்றில் இருந்தோம். மகளுக்குப் பத்து வயது, ஆரம்பப் பள்ளியில் கடைசி வருடம். நீச்சல் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளை, பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடையில் வந்த மூன்று பெட்டைகள் சூழ்ந்துகொண்டார்கள். கைத்தொலைபேசியைக் கேட்டார்கள். இவளிடம் அது இல்லை. ஒருத்தி இவளுடைய பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முகத்தைத் தரிப்பிடத்துக் கண்ணாடியில் மோதினாள். நான்கு தடவை, மகள் எண்ணியிருக்கிறாள். மற்ற இருவரும் வயிற்றில் உதைத்தார்கள். முன்பல் பாதியாய்ப் போனது. மூக்கால் வழிந்த இரத்தம் நீச்சல் துவாயை நனைத்திருந்தது. வாசலில் நின்றவள் அழவில்லை. பொத்திய கையைத் திறந்து காட்டினாள். உள்ளே சீருடைப் பொத்தான் ஒன்று, நூலும் கொஞ்சம் துணியுமாக.

“கடிச்சனான்” என்றாள்.

அந்தச் சீருடை எந்தப் பள்ளிக்கூடத்தினுடையது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் முகவரிக்குக் கவுன்சில் ஒதுக்கும் பள்ளிக்கூடம் அதுதான். வருகிற செப்டெம்பரில் மகள் அந்த மூன்று பேரோடும் ஒரே வாசலால் உள்ளே போகவேண்டும்.

ஆகவே தனியார் பள்ளிக்கூடம். நகரத்தின் ஓரத்தில், மதிலும் மரங்களும் சூழ்ந்த பழைய செங்கல் கட்டடம். நுழைவுப் பரீட்சையில் கெட்டித்தனம் காட்டும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்களாம். நான் அறிமுகப் புத்தகத்தை வரவழைத்து, ஏதோ வேதநூல் போலப் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன்.

மச்சான் என்றது மனைவியின் தம்பி. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வால்தம்ஸ்டோவுக்கு வந்து, குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவன். மருமகளின் பல்லைப் பார்க்க வந்த இடத்தில் பேச்சு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. அங்கே படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்குப் பனிமலைக்குப் போவார்கள், இவள் எங்கே போவாள் என்று கேட்டான். இரண்டு வருடத்தில் தகப்பனின் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளிப்பாள் என்றான். நியாயமான வாதங்கள். நானும் சளைக்கவில்லை: சிறிய வகுப்புகள், ஆய்வுகூடம், இலத்தீன் மொழி, எல்லாவற்றுக்கும் மேலாக வாசலில் ஒரு காவலாளி. சபை இப்படி நாகரிகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்:

“அத்தான், நீங்களும் ஊரிலை பெரிய கொலிச்சிலை படிச்ச ஆள்தானே. கடைசியிலை என்ன, கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து டிக்கெற் விக்கிறியள்.”

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பதுதான் என் வேலை. நாளுக்கு ஒருவராவது அந்தக் கண்ணாடியில் ஓங்கிக் குத்துவார். எனக்கு ஒன்றும் ஆகாது. மச்சானுக்கும் எனக்கும் இடையில் அன்றைக்குக் கண்ணாடி இருக்கவில்லை. நான் புத்தகத்தை வீசினேன். அவன் திருப்பிக் குத்திய ஒரேயொரு குத்தில் கதிரையோடு மல்லாந்தேன். எழுந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். அவன் என் சட்டையை நெஞ்சுவரை கிழித்தான். இருவரும் சோற்றுக்கோப்பையின் மேல் விழுந்து உருண்டோம். மனைவி அகப்பையோடு வந்து இருவரையும் முதுகில் விளாசினாள். தம்பி, புருஷன் என்ற பாகுபாடு காட்டவில்லை.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபமே வந்திராது.

யாழ்ப்பாணத்தில் நான் படித்தது பேர்போன பள்ளிக்கூடம்தான். சேர்க்கிற அன்று அப்பா என்னை அதிபரின் முன்னால் நிறுத்தி, அந்தக் காலத்துத் தகப்பன்மார் எல்லோரும் சொல்லும் வசனத்தைச் சொன்னார்: “சேர், தோலை உரிக்கிறதெண்டாலும் உரியுங்கோ. கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ.” பிள்ளையை முழு நம்பிக்கையோடு ஒப்படைக்கிறேன் என்பதுதான் அதன் பொருள், அதைச் சொல்லாத தகப்பன் அகங்காரம் பிடித்தவன். அதிபர் வாக்குத் தவறாதவர். ஏழு வருடமும் என் கண்ணை அவர் தொடவே இல்லை. கெண்டைக்காலில் பிரம்பு முறிந்திருக்கிறது. உள்ளங்கை வெடித்துப் பேனை பிடிக்க முடியாமல் இருந்திருக்கிறேன். காலைக் கூட்டத்தில் கதைத்ததற்காக அவர் விட்ட அறையில் இடது காதுக்குள் ஏதோ கிழிந்து, ஒரு மாதம் தலையணையில் சீழ் வடிந்தது. ஒப்பந்தத்தில் காதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. நன்மை இல்லாமலும் இல்லை. ஆங்கில இலக்கணத்தில் இன்றுவரை நான் பிழை விடுவதில்லை. யாராவது என் இடது பக்கம் நின்று அதைப் பாராட்டினால் கேட்பதுமில்லை.

அப்படிப் படித்தவனுக்கு வேறெப்படிப் படிப்பிக்கத் தெரியும்? காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் மகளைக் குசினி மேசையில் இருத்துவேன். பின்னம், சதவீதம், புதிர்க்கணக்கு. முதல் பிழைக்கு மண்டையில் ஒரு குட்டு. இரண்டாவது பிழைக்கு விரல்முட்டி நோகும்படி ஒரு குட்டு. பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அவள் ஒரே கணக்கை மூன்றாவது தடவையும் பிழையாகச் செய்தாள். கோடு போடும் மர அடிமட்டத்தால் விரல்களின் மேல் ஓங்கி அடித்தேன். அடிமட்டம் இரண்டாக முறிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. முறிந்து விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து, என் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த கணக்கைத் தொடங்கினாள். விரல்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“மூண்டு பெட்டையளிட்டையிருந்து பிள்ளையைக் காப்பாத்தப்போறன் எண்டு சொல்லிப்போட்டு, நாலாவது ஆளா நீங்கள் நிண்டு அடிக்கிறியள்.”

நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். என்னை அங்கே அனுப்பியது கோபமா வெட்கமா என்று கண்டுபிடிக்க நான் அதிகம் முயற்சி எடுக்கவில்லை.

பரீட்சையை மகள் நன்றாகவே செய்தாள். பெற்றோரோடு நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நாங்கள் போன நேரம் மைதானத்தில் பெரிய பிள்ளைகள் ஹொக்கி ஆடினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் கணுக்காலில் தடியால் விட்ட அடி எங்களுக்கே கேட்டது. விழுந்தவள் எழுந்தாள், மன்னிப்பை வாங்கிக்கொண்டாள், சற்று நேரத்தில் அதே அடியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆசிரியை கைதட்டினார். பஸ் தரிப்பிடத்தில் நடந்தால் பொலிஸ், இங்கே நடந்தால் பாடத்திட்டம். மகள் கம்பிவேலியை விட்டு வர மறுத்தாள்.

தலைமையாசிரியை மெலிந்த உருவம், பஞ்சு போன்ற குரல். மகளிடம் என்ன புத்தகம் வாசிக்கிறாய் என்று கேட்டார், மனைவியிடம் பயணம் எப்படி என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றார். இந்தக் கேள்விக்கு நான் ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. பெரிய மேசை, அதற்குப் பின்னால் அதிகாரம், பக்கத்தில் என் பிள்ளை. உடம்பு தானாகவே அடக்கம் கொண்டது. அப்பாவின் வசனத்தை அப்படியே, சொல்லுக்குச் சொல், ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளையை உங்களிடம் தந்துவிட்டோம், விரும்பினால் தோலை உரியுங்கள், கண்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

இலக்கணப் பிழை ஒன்றுமே இருக்கவில்லை. அதுதான் வில்லங்கம். பிழையாகச் சொல்லியிருந்தால் ஆங்கிலம் தெரியாத மனிதர் என்று விட்டிருப்பார்.

அவர் பேனையை மூடி வைத்தார். மகளோடு சிறிது நேரம் தனியே பேச விரும்புவதாகச் சொல்லி, எங்களைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார்.

சுவரில் பழைய தலைமையாசிரியைகளின் படங்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மனைவி என் வலது காதுப் பக்கமாக வந்து அமர்ந்தாள்.

“பிள்ளை உண்மையைச் சொன்னா என்ன செய்வியள்?”

அந்த இருபது நிமிடத்தில் நான் கொடுத்த குட்டுகள் ஒவ்வொன்றாக என் மண்டையிலேயே திரும்ப விழுந்தன. இடம் போய்விடும். மகள் அந்த மூன்று பேரோடும் நாள்தோறும் ஒரே வாசலால் போவாள். அதற்கு முன்னர் கவுன்சிலின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவில் இருந்து இரண்டு பேர் அட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவள் விரல்களைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவளைப் பொய் சொல்லச் சொல்லி நான் பழக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் நல்ல தகப்பன்; அன்றைக்கு அதற்காக மிகவும் வருந்தினேன்.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். மகள் ஒரு பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. இங்கே நாங்கள் யாரையும் அடிப்பதில்லை என்றார். வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அந்த நம்பிக்கை கெடும்படி எதையும் கேள்விப்பட்டால், உரிய இடத்துக்கு அறிவிக்கவேண்டிய கடமை தனக்கு இருப்பதாகவும் சொன்னார். என் அதிபர் ஏழு வருடம் பிரம்பால் செய்ததை அந்த மனுஷி மூன்று வசனத்தில், கதிரையில் சாய்ந்தபடி செய்துமுடித்தார். எனக்கு உள்ளங்கை இரண்டும் எரிந்தன.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இடம் உண்டு, கட்டணக் கழிவும் உண்டு. கூடவே, பிள்ளைகளைக் கைநீட்டாமல் வளர்ப்பது பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று. மற்றப் பெற்றோருக்கும் அதை அனுப்பினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அதன்பிறகு நான் அடித்ததில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பயந்துவிட்டேன் என்பதே சரி.

கடிதம் வந்த அன்று பின்னேரம்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. மகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். தனியே வைத்து உன்னிடம் என்ன கேட்டவ, நீ என்ன சொன்னனீ என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்பா அடிக்கிறவரோ எண்டு கேட்டவ. ஓம் மிஸ், ட்ரை பண்ணுறவர், ஆனா அவருக்கு அது சரியா வராது, பாவம் எண்டு சொன்னனான்.”